சிவகாசிக் கிணற்றுக்கு யார் பொறுப்பு?

2015இல் தில்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய பெற்றோர் உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். தீபாவளிப் புகை தங்கள் பிள்ளைகளின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பது முறையீடு. சிவகாசியின் போக்கையே மாற்றிய வழக்கு அது. 2017 ஜூலை 31 அன்று ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகிய ஐந்தையும் எந்த வடிவிலும் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விழுந்தது. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழி திறந்தது. அந்தத் தீர்ப்பை அடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பேரியத்தைத் திரும்ப அனுமதிக்கக் கோரிய மனுவையும் 2023 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இத்தனை ஆண்டு வாதமும் பட்டாசு வெடிக்கப்படும் ஊர்களின் காற்றைப் பற்றியது. அந்தக் கவலை நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்ல இக்கட்டுரை வரவில்லை. ஆனால் பட்டாசு வெடிப்பது ஆண்டில் இரண்டு மூன்று நாள். செய்வது ஏறத்தாழ ஆண்டு முழுவதும். செய்கிற ஊரின் மண்ணும் கிணறும் கண்மாயும் இந்த வழக்கில் எங்கும் பேசப்படவில்லை. தில்லிக் குழந்தையின் மூச்சுக்காக உச்ச நீதிமன்றம் வரை போன நாட்டில், சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டைப் பக்கத்துக் குழந்தை குடிக்கும் தண்ணீருக்காக ஒரு சோதனைக் குழாய்கூட ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர்ந்த ஒருமுறை என்ன கிடைத்தது என்பதைப் பார்ப்போம். ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தமிழக ஆய்வாளர்களும் சேர்ந்து சிவகாசியிலும் மதுரையிலும் நிலத்தடி நீரையும் குளத்து நீரையும் எடுத்துச் சோதித்தார்கள். 2013இல் அந்த ஆய்வு வெளியானது. அவர்கள் தேடியது பெர்குளோரேட் என்ற ஒரே ஒரு பொருளை. சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17 மாதிரிகள், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்குச் சொல்லியிருந்த 15 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தன. மதுரையில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. மிக அதிகமாக இருந்த இடத்தில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். அமெரிக்க அளவைப் போல 500 மடங்குக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் பிற்பாடு வகுத்த, சற்றுத் தாராளமான 70 மைக்ரோகிராம் அளவை வைத்துப் பார்த்தாலும் 100 மடங்குக்கு மேல். பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள்தாம் இதற்கு முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். மக்களின் உடல்நலத்தை மேலும் ஆராய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

பட்டாசு எரிய ஆக்சிஜன் வேண்டும். காற்றில் இருப்பது போதாது; மருந்துக்குள்ளேயே ஆக்சிஜனைத் தரும் உப்பு ஒன்று இருக்க வேண்டும். பழைய வெடிகளுக்கு வெடியுப்பு போதும். வானத்தில் விரியும் பேன்சி ரகங்களுக்கு, நிறம் துலங்க வேண்டிய ரகங்களுக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட்டை நாடுகிறார்கள். தீப்பெட்டிக் குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். அதைத் தயாரிக்கும்போதே கொஞ்சம் பெர்குளோரேட்டும் உடன் சேர்ந்துவிடும். எரிந்து முடிந்தால் இவை பெரும்பாலும் சாதாரணக் குளோரைடாக மாறிவிடும். எரியாமல் சிந்துவதும், அரைகுறையாக எரிவதும், கழுவிவிடப்படுவதும்தான் மண்ணுக்குப் போகிறது.

உடம்பில் இது செய்யும் வேலை நுட்பமானது. தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடினை உறிஞ்சும் வாசலில் பெர்குளோரேட் போய் நின்றுகொள்ளும். அயோடின் உள்ளே போவது குறையும். வளர்ந்தவர்கள் இதை ஓரளவு சமாளித்துவிடுவார்கள். கர்ப்பிணிக்கு, அதிலும் அயோடின் குறைவாக உள்ள கர்ப்பிணிக்கு, அப்படியில்லை. வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு சுரப்பை நம்பியிருக்கும் மாதங்கள் அவை. விபத்தில் சாகும் தொழிலாளியின் பெயர் மறுநாள் நாளிதழில் வந்துவிடும். இந்தச் சேதம் வகுப்பில் பாடம் ஏறாத பிள்ளையாக, காரணம் தெரியாத சோர்வாக, கழுத்தில் கட்டியாகக் கரைந்துபோகக் கூடியது. ஆகவேதான் இதை அளந்து தேட வேண்டும்.

இது எப்படிக் கிணற்றுக்குப் போகிறது? பட்டாசு ஆலை, சாயப்பட்டறை போலவோ தோல் தொழிற்சாலை போலவோ லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரைக் கொட்டும் தொழில் இல்லை. வெயிலையும் வறட்சியையும் நம்பி வந்த தொழில் இது. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து, மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியின் குறையே தொழிலுக்கு நிறைவாகிப் போனது. ஆனால் தண்ணீரே படாத தொழிலும் இல்லை. மருந்துக் கலவை அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் வேலை முடிந்ததும் தரையைக் கழுவிவிட்டாக வேண்டும். சிந்திய மருந்து உராய்ந்தால் உயிர் போகும். மாலையில் அந்த அறைகளைக் கடந்து போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். முழங்கை வரை அலுமினியப் பொடி ஏறி, உலோகச் சிலை போல வெள்ளி நிறத்தில் இருக்கும் கைகளை ஆணும் பெண்ணும் தொட்டியடியில் தேய்த்துக் கழுவுவார்கள். சாம்பல் நிறத்தில் ஓடும் அந்தத் தண்ணீர் சிமென்ட் விளிம்பைத் தாண்டி இரண்டு பாகம் போய்ச் சீமைக்கருவேலச் செடிகளுக்கடியில் காணாமல் போகும். வடிகால் என்று எதுவும் இராது. மண்தான் வடிகால்.

இன்னொரு வழி கழிவு மருந்தை எரிக்கும் குழி. தேறாத பட்டாசு, தரை கூட்டியது, ஈரம் பட்ட மணிமருந்து, திரித் துண்டு எல்லாவற்றையும் ஆலையின் ஒரு மூலைக்குக் கொண்டுபோய்க் கொட்டி எரிப்பது வழக்கம். அப்படி எரிக்கும்போது நேர்ந்த விபத்துகளும் உண்டு. எரிந்தது போக மிஞ்சும் சாம்பலும் கட்டியும் திறந்த வெளியில் கிடக்கும். மணிமருந்தையும் திரியையும் காயப்போடும் மேடைகளைச் சுற்றியும் பொடி படியும். ஓராண்டு முழுக்கப் படிந்ததை ஐப்பசி, கார்த்திகை மழை வந்து கரைத்துக்கொண்டு போகும். ஓடைக்கு, கண்மாய்க்கு, அர்ஜுனா நதிக்கு, வைப்பாற்றுக்கு. சிவகாசிக்குக் குடிநீர் தரும் வெம்பக்கோட்டை நீர்த்தேக்கம் வைப்பாற்றில் இருக்கிறது. அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டி, சங்கு வளையல்களையும் சுடுமண் உருவங்களையும் எடுத்துக் காட்டியிருக்கிறது. அந்தப் பழைய குடியிருப்பு வைப்பாற்றை நம்பி எழுந்தது. அகழாய்வுக் குழிக்குக் காட்டும் கவனத்தில் ஒரு பங்கு பக்கத்துக் கிணற்றுக்கும் வேண்டும்.

உலோகங்கள், பெர்குளோரேட் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் நீக்கும் வழி வேறு, நீங்கும் தன்மையும் வேறு.

வானில் தெரியும் ஒவ்வொரு நிறமும் ஓர் உலோகம். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்குச் சோடியம், வெள்ளைக்கு அலுமினியமும் மெக்னீசியமும், பச்சைக்குப் பேரியம். பேரியம் நைட்ரேட்டைச் சிவகாசியில் பச்சை உப்பு என்பார்கள். கரையும் பேரியம் நஞ்சு. இதயத்தையும் தசையையும் தாக்கும். கரையாத பேரியம் சல்பேட்டையோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கக் குடிக்கவே கொடுக்கிறார்கள். பேரியத்தைத் தண்ணீரிலிருந்து நீக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடச் சோதனைச் சாலையில் எந்த மாணவரும் செய்து பார்க்கலாம். பேரியம் கரைந்த, பளிங்கு போன்ற தண்ணீரில் சோடியம் சல்பேட் கரைசல் கொஞ்சம் விட்டால் அடுத்த நொடியே பால் கலந்தது போல் வெளுக்கும். சற்று நேரம் விட்டால் வெள்ளை வண்டல் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் தண்ணீரில் பேரியம் அநேகமாக இராது.

தாமிரம், ஈயம் போன்றவற்றுக்குச் சுண்ணாம்பு. தண்ணீரின் காரத்தன்மையை (pH) 9, 10 வரை ஏற்றினால் அவை ஹைட்ராக்சைடாகி வண்டலாக இறங்கும். அலுமினியத்துக்கு இதே மருந்து கூடினால் திரும்பக் கரைந்துவிடும். அதற்கு அளவு தெரிந்த கை வேண்டும். பேரியத்துக்குச் சுண்ணாம்பு பலிக்காது, சல்பேட்தான். ஸ்ட்ரான்சியத்துக்குச் சலவைச் சோடா. தீப்பெட்டி மருந்தில் சேரும் டைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அதை முதலில் இரும்பு சல்பேட்டால் மூன்றாகக் குறைத்துவிட்டுப் பிறகுதான் சுண்ணாம்பு போட வேண்டும். எல்லாக் கழிவுநீரையும் ஒரே தொட்டியில் விட்டு ஒரே மருந்தைக் கொட்டினால் ஒன்று இறங்கும், ஒன்று மிஞ்சும். தோல் தொழிற்சாலை ஊர்களில் கற்ற பாடம் இது.

கரிசல் மண்ணும் தன் பங்குக்கு உதவுகிறது. களியும் சுண்ணாம்பும் நிறைந்த, காரத்தன்மை கொண்ட மண். ஈயம், தாமிரம் போன்றவற்றைத் தன்னோடு இறுகப் பிடித்து மேல் மண்ணிலேயே வைத்துக்கொள்ளும். அதனால் உலோகம் கிணற்றுக்குப் போகும் முன் மண்ணில் தங்கும். இதில் நிம்மதிக்கு இடமும் உண்டு, எச்சரிக்கைக்கு இடமும் உண்டு. தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு உலோகம் இல்லை என்று எழுதிவிட்டால் கதை முடிந்துவிடாது. எரிகுழி மண்ணையும் கண்மாய் வண்டலையும் சோதிக்க வேண்டும். அந்த வண்டலைத்தான் கோடையில் அள்ளி வயலுக்கு அடிக்கிறார்கள்.

பெர்குளோரேட்டைக் கரிசல் பிடிக்காது. எந்த மண்ணும் பிடிக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும். முன் சொன்ன சோதனைக் குடுவையில் பெர்குளோரேட் கரைந்த தண்ணீரை வைத்துச் சல்பேட் விட்டுப் பாருங்கள், சுண்ணாம்பு போட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. படிகாரம் போட்டாலும் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டாலும் கலங்கல் தெளியுமே தவிர உப்பு அப்படியே இருக்கும். காய்ச்சினால் தண்ணீர் வற்றும். உப்பு வற்றாது, செறிவு கூடும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, இந்த அளவுகளில் நாக்குக்கும் தட்டாது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைத் தெளியவைக்கத் தெரிந்த எந்தக் கைப்பக்குவமும் இதனிடம் செல்லாது.

சவ்வு வடிகட்டி, அதாவது ஊரெல்லாம் வந்துவிட்ட ஆர்.ஓ., இதைப் பெரும்பகுதி தடுத்துவிடும். உவர் தண்ணீர்ப் பூமியான விருதுநகர் மாவட்டத்தில் குடிக்க ஆர்.ஓ. தண்ணீரை வாங்குகிற குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது, விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு. ஆனால் ஆர்.ஓ. எதையும் அழிப்பதில்லை. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோ கழிவுத் தண்ணீரை வெளியே தள்ளும். தடுத்த உப்பெல்லாம் அதில் கூடுதல் செறிவோடு இருக்கும். அது பிளான்ட்டுக்குப் பின்னால் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து ஊருணிக்கோ ஓடைக்கோ போகும், மீண்டும் நிலத்துக்குள் இறங்கும். வாங்க முடிந்தவர் வீட்டிலிருந்து வாங்க முடியாதவர் கிணற்றுக்கு அதே உப்பை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடாக இது ஆகிவிடக் கூடாது.

குடிக்காமல் விட்டால் போதும் என்பதும் சரியில்லை. பெர்குளோரேட்டைச் செடிகள் உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றுத் தண்ணீரில் விளைந்த கீரையிலும் அங்காடிப் பாலிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இங்கே யாரிடம் கேட்டாலும், “உப்புத் தண்ணிங்க, குடிக்க ஆகாது, மாட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகும்” என்பார்கள். மாட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகிற தண்ணீர் பாலாகவும் கீரையாகவும் அதே வீட்டுக்கு வந்துவிடும்.

கொலராடோ ஆற்றில் அது வந்த கதை நமக்கு நேரடியாக உதவும். நெவாடா மாநிலத்தின் ஹெண்டர்சன் நகரில் ராக்கெட் எரிபொருளுக்காகப் பெர்குளோரேட் தயாரித்த இரண்டு ஆலைகள் இருந்தன. அவற்றில் ஒன்று 1988 மே 4 அன்று வெடித்துச் சிதறியது. பல ஆண்டுகளாக மண்ணில் இறங்கிய உப்பு நிலத்தடி வழியாக மீட் ஏரிக்கு வந்ததை 1997இல்தான் கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கான மக்களுக்குக் குடிநீர் தரும் ஏரி அது. முதலில் நிலத்தடி நீரை இறைத்துப் பிசின் வடிகட்டியில் பிடித்தார்கள். பிறகு 2004 முதல் வேறு வழிக்கு மாறினார்கள்: நுண்ணுயிர்.

பெர்குளோரேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் சாதாரண மண்ணிலும் சாக்கடையிலும் இருக்கின்றன. காற்று இல்லாத தொட்டியில் அவற்றுக்குத் தீனியாக எத்தனால் போன்ற கரிமப் பொருளைக் கொடுத்தால், மூச்சு விட ஆக்சிஜன் தேடும். முதலில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுக்கும், அடுத்து நைட்ரேட்டில் உள்ளதை, கடைசியாகப் பெர்குளோரேட்டில் உள்ள நான்கு ஆக்சிஜனையும் உருவிக்கொள்ளும். மிஞ்சுவது குளோரைடு, நம் சமையல் உப்பில் இருக்கும் அதே குளோரைடு. சுண்ணாம்பு வழியில் மிஞ்சும் நச்சு வண்டல் இதில் கிடையாது, ஆர்.ஓ. தள்ளும் கழிவுத் தண்ணீர் கிடையாது. நஞ்சு அங்கேயே ஒழிந்துவிடுகிறது. ஹெண்டர்சனிலிருந்து ஏரிக்குப் போன பெர்குளோரேட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்படிக் குறைத்துவிட்டார்கள். வெடியுப்பும் உரமும் சேர்ந்த நம் பகுதித் தண்ணீரில் நைட்ரேட்டும் இருக்கும் என்பதால் இந்த முறை ஒரே தொட்டியில் இரண்டையும் நீக்கும். தீனிக்கு விலையுயர்ந்த எத்தனால்தான் வேண்டும் என்றில்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் இதற்கு ஆகும்.

வெளிநாட்டுத் தொழில்நுட்பம் நமக்கு எட்டாது என்று சொல்லவும் வழியில்லை. கேரளத்தில் ஆலுவா அருகே இஸ்ரோவின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் இதே பொருள் இருப்பதைத் திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசு ஆய்வகம் கண்டறிந்தது. அந்த ஆய்வாளர்களே பெர்குளோரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைக் கொண்டு சுத்திகரிக்கும் முறையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய ஆய்வகம் இருக்கிறது. சிவகாசியிலிருந்து அரை நாள் பயணம். சிவகாசிக்குள்ளேயே பொறியியல் கல்லூரியும், பட்டாசு மூலப்பொருளைச் சோதிக்கும் மத்திய அரசு ஆய்வுக் கூடமும் இருக்கின்றன. அறிவுக்குப் பஞ்சமில்லை, கேள்வி கேட்கப்படவில்லை.

இங்கே பசுமைப் பட்டாசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாக்பூரின் நீரி நிறுவனம் உருவாக்கிய அந்தக் கலவைகள் புகையை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கும் நோக்கில் அமைந்தவை. பெட்டியில் ஒட்டும் பச்சை முத்திரை புகைக்கான முத்திரை. தண்ணீருக்கு அது எந்த உறுதியும் தரவில்லை, தருவதாகச் சொல்லவும் இல்லை. அமெரிக்காவின் ரஷ்மோர் மலை நினைவிடத்தில் 1998க்கும் 2009க்கும் இடையே ஆண்டுக்கொரு நாள் வாணவேடிக்கை நடந்தது. நிறுத்திச் சில ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் அங்கே ஓடை நீரில் லிட்டருக்கு 54 மைக்ரோகிராம் வரை பெர்குளோரேட் இருந்ததை 2016இல் அந்நாட்டு நிலவியல் துறை வெளியிட்டது. ஆண்டில் ஒரு மாலை வெடித்த இடமே அப்படி. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து அனுப்பும் பூமியின் நிலையை ஊகிக்க விட்டுவிடாமல் அளக்க வேண்டும்.

நீக்கியதை எங்கே வைப்பது என்ற கேள்வியைத் தமிழ்நாடு போல் வலியோடு கற்ற மாநிலம் குறைவு. வேலூர் மாவட்டத் தோல் கழிவுகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டமாக்கியது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமியம் தண்ணீரிலிருந்து வண்டலுக்கு மாறியது. வண்டல் தேங்கியது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் வண்டல் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். திருப்பூரில் 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை முழுமூச்சாக வந்தது. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை அதற்குள் பாசனத்துக்கு ஆகாத அணையாகிவிட்டிருந்தது. அங்கும் மிஞ்சிய கலப்பு உப்பை என்ன செய்வது என்பது தீராத தலைவலி.

சிவகாசிக்கு இந்த இடத்தில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. இங்கே கழிவுநீர் கொஞ்சம். ஆலைக்கு நாளொன்றுக்கு லாரி லாரியாக வருவதில்லை, தொட்டிகளில் அடங்கிவிடும். வண்டலும் மூட்டைக் கணக்கில்தான் வரும். அதைப் பாதுகாப்பாகப் புதைக்க அபாயகரக் கழிவுகளுக்கான நிலப்புதைப்பிடம் இதே மாவட்டத்தில் திருச்சுழி வட்டத்திலேயே இருக்கிறது. மற்ற மாவட்டங்களின் நச்சை வாங்கிப் புதைக்கும் மாவட்டம், தன் ஆலைக் கழிவை மட்டும் வேலிக்குள் எரித்துச் சாம்பலை மழைக்கு விட்டுவைத்திருக்கிறது. தோல் ஊரான வாணியம்பாடிக்கும் திருப்பூருக்கும் நூற்றுக்கணக்கான கோடி தேவைப்பட்ட வேலை இங்கே அதில் சிறு பங்கில் முடியும்.

பின் ஏன் பேச்சே எழவில்லை? பயம்தான். மாசு என்ற சொல் எழுந்தாலே ஆலையை மூடிவிடுவார்களோ என்ற பயம். 2018 குளிர்காலத்தில் அடுப்பு எரியாத வீடுகளின் நினைவு இன்னும் ஆறவில்லை. நேரடியாகவும் மறைமுகமாகவும் 8 லட்சம் பேருக்கு இத்தொழில் சோறு போடுகிறது என்கிறார்கள் உற்பத்தியாளர்கள். எண்ணில் கூடக்குறைய இருந்தாலும், மானாவாரி விவசாயம் கைவிட்ட கிராமங்களில் பட்டாசுக் கூலியைத் தவிர வேறு பணம் புழங்குவதில்லை என்பது கண்கூடு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகி இறந்த பிறகும் மக்கள் வேலைக்குப் போனார்கள் என்றால் வேறு வழி இருந்து போனார்கள் என்று பொருளில்லை. அந்தப் பயத்தை மதித்துத்தான் சொல்கிறேன்: தண்ணீரைச் சோதிக்கக் கேட்பது தொழிலுக்கு எதிரான செயல் ஆகாது. தில்லியில் யாரோ மனு போட்டு, ஒரே தீர்ப்பில் பச்சை உப்பு போனது போல நாளை பெர்குளோரேட்டும் போகலாம். அதற்கு முன் ஊரே தன் தண்ணீரை அளந்து, சுத்திகரித்து, கணக்கைக் கையில் வைத்திருந்தால் நீதிமன்றத்தில் பேச ஏதாவது இருக்கும்.

ஆலைக்குள் செய்ய வேண்டியவை பெரிய வித்தை இல்லை. கழுவுநீர் மண்ணில் இறங்காமல் கசிவில்லாத தொட்டிக்குப் போக வேண்டும். காயப்போடும் மேடைக்கும் எரிக்கும் இடத்துக்கும் அடித்தளம் வேண்டும், மழைநீர் உள்ளே வராத கரை வேண்டும். எரிகுழிச் சாம்பல் மழைக்கு முன் அள்ளப்பட வேண்டும். நம் வெயிலுக்குக் கழுவுநீரை ஆவியாக்கிவிடலாமே என்று தோன்றும். எச்சரிக்கை தேவை: பெர்குளோரேட்டும் அலுமினியப் பொடியும் காகிதத் தூளும் சேர்ந்து உலர்ந்தால் அதுவே மருந்துதான். ஈரத்தோடேயே எடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வோர் ஆலையும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டத் தேவையில்லை. வட்டாரத்துக்கு ஒன்றாகச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் மூன்று நான்கு பொது நிலையங்கள், அவற்றுக்குக் கழுவுநீரை எடுத்துப்போகும் டேங்கர்கள் போதும். முதலில் உலோகத்தை வண்டலாக்கும் தொட்டி, அடுத்து நுண்ணுயிர்த் தொட்டி. நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் துறையின் உரிமம் வைத்திருக்கும் பெரிய ஆலைகள் தங்கள் பங்கைக் கட்டட்டும்; சிறிய உரிமதாரர்களுக்கு அரசு மானியம் தரட்டும். வெடிபொருள் துறை விபத்தை மட்டும் பார்க்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மற்றதைப் பார்க்கட்டும் என்று இரு துறையும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருக்காமல், உரிமம் புதுப்பிக்கும்போது கழுவுநீரை ஒப்படைத்த ரசீதையும் கேட்டால் போதும், பாதி வேலை தானே நடந்துவிடும்.

அரசின் பக்கத்தில் குறை அடித்தளத்திலேயே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இல் பேரியத்துக்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று அளவு இருக்கிறது. ஈயத்துக்கு 0.01. பெர்குளோரேட்டுக்கு வரியே இல்லை. அளவு இல்லாததால் எந்த அரசு ஆய்வகமும் அதைத் தேட வேண்டியதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கொடுத்த சோதனைப் பெட்டிகள் புளூரைடு, நைட்ரேட், கடினத்தன்மை எல்லாம் காட்டும், இதைக் காட்டாது. கலிபோர்னியா 2007இலேயே 6 மைக்ரோகிராம் என்று சட்டமாக வைத்தது. மாசசூசெட்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே 2 மைக்ரோகிராம் என்றது. ஒரு வரியைச் சேர்க்க நமக்கு இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

மத்திய அரசின் வரிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. விருதுநகர் மாவட்ட ஆட்சியரும், 2021இல் மாநகராட்சியான சிவகாசியின் மன்றமும், குடிநீர் வடிகால் வாரியமும் மனம் வைத்தால் வரும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை, ஆலைகள் சூழ்ந்த ஒவ்வொரு கிராமத்திலும் கிணறுகளிலும் ஆழ்துளைகளிலும் தண்ணீர் எடுத்துச் சோதிக்க முடியும். அளவு மீறிய கிணற்றை அடையாளமிட்டு, அந்த ஊருக்குத் தாமிரவருணிக் கூட்டுக் குடிநீரை முதல் முன்னுரிமையாகக் கொடுக்க வேண்டும். அங்குள்ள கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தைராய்டு சோதனை கட்டாயமாக வேண்டும். முடிவுகளைக் கோப்பில் பூட்டி வைக்காமல், எந்தக் கிணறு, எந்தத் தேதி, எவ்வளவு என்று தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் படிக்கட்டும்.